வல்லரசின் சுரணைப் பயிற்சி

தன் மனைவியைக் கவனிப்பதென்று வல்லரசு ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு முடிவெடுத்தார். ஒன்பது இருபதுக்கு அதை அவளிடம் அறிவித்தார். ஒன்பது இருபத்தொன்றுக்கு வீட்டில் சண்டை.

"இனிமே உன்னைக் கவனிக்கப் போறேன், ரேணு."

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த ரேணுகாம்பாளின் கை அப்படியே நின்றது. அவள் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். இருபத்தாறு வருஷமாக மனுக்களோடு குடித்தனம் நடத்துபவள். சில சொற்களுக்கு அவளிடம் வேறு அகராதி.

"ஆபீஸ்ல எவனாவது வந்து 'மேடம், உங்களைக் கவனிச்சுக்கறேன்'னு சொன்னா, அவன் ஃபைலைத் தூக்கி அடியில வெச்சிடுவேன். காலங்காத்தால வீட்டுலயுமா?"

"அந்தக் கவனிப்பு இல்லடி. இது உடம்பைக் கவனிக்கிறது."

"மெதுவாப் பேசுங்க. தெருவுல ஆள் போவுது."

பெயர்தான் வல்லரசு. வீட்டில் அவர் ஒரு யூனியன் பிரதேசம். நிலம், போலீஸ், சட்டம் ஒழுங்கு எல்லாம் மத்தியில். அவர் கைக்கு விடப்பட்டது தண்ணீர் மோட்டார் ஒன்றுதான். அதையும் போடச் சொன்னால் போடலாம், நிறுத்தச் சொன்னால் நிறுத்தலாம்.

கத்தாரில் பதினேழு வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்தவர். ஹெல்மெட் போடாதவனைக் கண்டால் விசில் ஊதுவார். அந்த விசிலுக்கு ஆறு நாட்டு ஆட்கள் நடுங்கியிருக்கிறார்கள். நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பினார். செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் இருந்த சொந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு ரூம் கட்டினார். தனி வாசல், ஏசி, ஆறுக்கு ஆறரைக் கட்டில். பால் காய்ச்சினார். குடிபோனார்.

அவர் மட்டும் போனார்.

ரேணுகாம்பாள், மகள் பூஜாவோடு அத்தனை வருஷமும் படுத்திருந்த உள்ளறையிலேயே இருந்துகொண்டாள். பூஜா வேலூருக்குப் படிக்கப்போய் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகும் அவள் இடம் மாறவில்லை. காரணம் கேட்டால், "கொறட்டை" என்று ஒரே வார்த்தை. எப்போது வருவாய் என்று கேட்டால், "பரிசீலனையில இருக்கு" என்று இரண்டு வார்த்தை. இரண்டு வருஷமாக அந்தக் கோப்பு நகரவில்லை. அவள் அந்த ரூமுக்கு வரவேண்டும். வல்லரசுக்கு இப்போது வாழ்க்கையில் வேறு லட்சியம் கிடையாது.

அதற்காகத்தான் வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டு நாள் அந்த வகுப்புக்குப் போனார். ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு விடுதி மாடியில் நடந்தது. 'உடலைக் கவனி, உறவை ஆழப்படுத்து' என்று வாசலில் எழுதியிருந்தது. நடத்தியவர் கீர்த்தனா. புனேயில் வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததால் தாம்பத்தியத்தைப் பற்றித் தெளிவாகப் பேசினார்.

வந்தவர்கள் எல்லோரும் ஜோடி ஜோடியாக வந்தார்கள். வல்லரசு தனியாகப் போனார். தனியாக வந்தவருக்கு ஒரு திண்டு கொடுத்தார்கள். எட்டு நாள் அந்தத் திண்டுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தை உற்றுப் பார்த்தார். அதன் மூச்சைக் கேட்டார். அதன் தோளில் கைவைத்து, "உன் பாரம் எனக்குப் புரியுது" என்றார். திண்டு ஒருமுறைகூட எதிர்த்துப் பேசவில்லை. கடைசி நாள் பிரியும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதையெல்லாம் ரேணுகாம்பாளிடம் அவர் விளக்கினார். திண்டை மட்டும் விட்டுவிட்டார்.

"அதாவது, உடம்புல என்ன நடக்குதுன்னு தெரியணும் ரேணு. நம்ம உடம்புல, பக்கத்துல இருக்கறவங்க உடம்புல. அவங்க முகம் வாடுதா, தோள் இறுகுதா, மூச்சு ஏறுதா. வாயைத் தொறந்து சொல்லாமலே நமக்கு உறைக்கணும்."

"உறைக்கணும்."

"ஆமா."

"இதுக்கு என்னா பேரு சொன்னாங்க?"

"தமிழ்ல 'உடல்சார் விழிப்புணர்வு'ன்னு போட்டிருந்தாங்க."

"தமிழ்ல அதுக்குச் சுரணைன்னு பேரு. உங்களுக்கு அது இல்லன்னு இருபத்து மூணு வருஷமா நான் சொல்லிட்டு இருக்கேன். அதை எட்டு நாள் வெளிய போயி கத்துக்கிட்டு வந்தீங்களா?"

வல்லரசுக்குத் திண்டின் நினைவு வந்தது.

"இதோ பாருங்க" என்றாள் அவள், ஸ்கூட்டி சாவியை எடுத்தபடி. "யார்கிட்டயோ பாடம் படிச்சிட்டு வந்து, பட்டியல் போட்டு, என்னோட குடும்பம் நடத்தணும்னு ஒண்ணும் அவசியமில்ல. நான் மாட்டேன்."

"நான் விடமாட்டேன்."

"மோட்டாரைப் போட்டுட்டு அப்புறம் விடாம இருங்க."

விடவில்லை. சேஃப்டி ஆபீசர் விடுவாரா? அன்று மதியமே கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். கண் பார்த்தல், மூச்சுக் கேட்டல், மெதுவாய் உண்ணல், தோள் உணர்தல், பாதம் பிடித்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, நேரம், கணவர் கையொப்பம், மனைவி கையொப்பம். சாயங்காலம் ரேணுகாம்பாள் வந்து அதைப் படித்தாள். சிவப்பு மையால் ஓரத்தில் 'பார்வையிட்டேன்' என்று எழுதித் தேதி போட்டாள். கையெழுத்துப் போடவில்லை.

ஆனாலும் தொந்தரவு தாங்காமல் ஒன்றிரண்டுக்கு உட்கார்ந்தாள்.

கண் பார்த்தல் பத்து நிமிஷம். மூன்றாவது நிமிஷத்தில் அவள் முகம் கனிந்தது. வல்லரசு இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"உங்க எடது கண்ணுல பொரை வந்திருக்காப்பல இருக்கு."

"நீ என் ஆன்மாவைப் பாக்கணும், ரேணு."

"அதைத்தாங்க பாக்கறேன். பொரை மறைக்குது."

மறுநாள் மூச்சு. "கண்ணை மூடிக்கிட்டு என் மூச்சை மட்டும் கேளு."

"அதுக்கு எதுக்குக் கண்ணை மூடணும்? நேத்து போன்ல பூஜா கேட்டா, அப்பா பக்கத்துல உக்காந்து என்னா பண்றாருன்னு. வேலூர் வரைக்கும் கேக்குது."

அதற்கடுத்த நாள் உலர்ந்த திராட்சை. ஒரே ஒரு திராட்சையை நாக்கில் வைத்துப் பத்து நிமிஷம் அதன் சுருக்கங்களை உணர வேண்டும். இரண்டாவது நிமிஷத்தில், "முந்திரி இல்லையா?" என்றாள். நாலாவது நிமிஷத்தில் எழுந்து போய்விட்டாள். ஆறாவது நிமிஷம் சமையல்கட்டில் பாயசம் கொதிக்கிற வாசனை வந்தது. நாக்கில் கரையாத திராட்சையோடு வல்லரசு தனியே கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து நின்றார்.

"இதுக்கு மேல முடியாது. அந்த ரூமுக்கு வருவியா மாட்டியா? இன்னிக்கு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

"மனு குடுங்க."

"என்னாது?"

"வாய்மொழியா கேட்டா ஒண்ணும் நடக்காது. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அனுப்புநர், பெறுநர், பொருள்: ரூமுக்கு வருதல் தொடர்பாக. 'ஐயா' என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்து 'அம்மையீர்' என்று திருத்தினார். மறுநாள் காலை அட்டவணைக்குப் பக்கத்தில் ஆணை ஒட்டியிருந்தது.

மனுதாரர் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், மாலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, வெறுங்காலில் கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி வந்து, உடம்பையும் குறட்டையையும் கம்மி பண்ணிக் காட்ட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடிகாலையில் கிளம்பிக்கொள்ளலாம். நேரடிக் கள ஆய்வுக்குப் பிறகு இறுதி ஆணை வழங்கப்படும்.

"தெனமுமா? பதினாலு கிலோமீட்டர், ரேணு."

"ஜப்பான்லேர்ந்து வந்து சாமிக்காக நடக்கறாங்க. செங்கம் ரோட்டுலேர்ந்து பொண்டாட்டிக்காக நடக்க முடியாதா? நடக்கறதும் தியானம்னு உங்க மேடமே சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தன் வார்த்தையாலேயே தன்னை மடக்கினால் எந்த ஆண்மகனுக்கும் ரோஷம் வரும். வல்லரசுக்கு வந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் வீசினார்.

"நாப்பத்தெட்டு என்னா, நூத்தியெட்டு நாள் நடப்பேன்."

"நாப்பத்தெட்டு போதும். ஆர்டரைத் திருத்த முடியாது. அந்தச் செருப்பை எடுத்து ஸ்டாண்டுல வைங்க."

நடந்தார். பொய் சொல்லக்கூடாது, முதல் நாலு நாள் முழுசாகவே நடந்தார். ஒவ்வொரு காலடியையும் கவனித்தார். குதிகால் பதிவதை, விரல் ஊன்றுவதைக் கவனித்தார். அடி அண்ணாமலை தாண்டியதும் கவனிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கால் தானாகவே தன்னைக் கவனிக்கச் சொல்லிக் கத்தியது.

ஐந்தாம் நாள் மாலை, செங்கம் ரோட்டில் அன்வர் பாஷாவின் மெத்தைக் கடை வாசலில் கொஞ்சம் நின்றார். பாஷா பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை வியாபாரம். கடைக்குள் ஒரு பக்கம் பஞ்சு அடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் சுவரை ஒட்டி மெத்தைகளை அடுக்கி வைத்திருப்பார்.

"என்னா வல்லரசு, காலை விந்தி விந்தி வர்ற?"

"நடைத் தியானம்பா."

"உங்க வகுப்புல உக்காந்து பண்றது, படுத்து பண்றதெல்லாம் கெடையாதா?"

"இருக்கு. நாலாம் நாள் படுத்துக்கிட்டேதான் பண்ணோம். உச்சந்தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒவ்வொரு இடமா தளத்தி விடணும்."

"அப்போ படு. மெத்தையும் சும்மாத்தானே கெடக்குது."

அஞ்சு நிமிஷம் என்று படுத்தார். உச்சந்தலையைத் தளர்த்தினார், நெற்றியைத் தளர்த்தினார், இமையைத் தளர்த்தியது வரை நினைவிருக்கிறது. பாஷா தோளைத் தட்டியபோது மணி எட்டே முக்கால். கத்தாரிலிருந்து வந்த பிறகு அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கியதில்லை.

அதன் பிறகு மலை அவரைச் சுற்றியிருந்தால்தான் உண்டு.

மாலை ஆறுக்கு வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு கிளம்புவார். ஆறு பத்துக்கு மெத்தையில் படுப்பார். ஒன்பதுக்கு எழுந்து, வீட்டுக்கு முன்னால் கிடக்கும் மண்ணில் நாலு மிதி மிதித்துவிட்டுக் கேட்டைத் திறப்பார். ஞாயிறு காலைக்காக பாஷா சாவியையே கொடுத்துவைத்தார்; அன்றைக்கு ரோட்டில் போகிற பஸ் சத்தமே தாலாட்டு. நடுவில் ஒரு பௌர்ணமி வந்தது. அன்றைக்கு மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படுத்தார். வெளியே லட்சம் ஜோடிக் கால்கள் அவருக்கும் சேர்த்து நடந்தன.

வீட்டுக்கு வந்ததும் அறிக்கை வாசிப்பார். இதில் அவருக்கு ஈடு கிடையாது.

"இன்னிக்கு வாயுலிங்கத்துக்கிட்ட ஒரு காத்து வீசிச்சு பாரு ரேணு. அப்படியே கன்னத்தைத் தடவுன மாதிரி. நடக்கறதே தெரியல. மெய்ம்மறந்துட்டேன்."

"மெய்யைத்தான் மறந்துட்டீங்க" என்றாள் ரேணுகாம்பாள், வெங்காயம் உரித்தபடி.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மாசி போய்ப் பங்குனி பிறந்தது. வெயில் ஜாஸ்தியானது. நாற்பத்து நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வல்லரசு வந்து சேர்ந்தார். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு முக்காலி. முக்காலியில் ரேணுகாம்பாள், மடியில் ஒரு துண்டோடு.

"உக்காருங்க. உங்க பட்டியல்ல பாதம் புடிக்கிற பயிற்சி ஒண்ணு பாக்கியிருக்கே. அதைப் பண்ணலாமா?"

வல்லரசுக்குக் காதை நம்ப முடியவில்லை. இரண்டு மாசத்தில் அவளாக ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இரு, காலைக் கழுவிட்டு வந்துடறேன்."

"வேணாம். களம் உள்ளது உள்ளபடி இருக்கணும்."

உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவருடைய வலது காலை எடுத்து மடியில் வைத்தாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. கல்யாணத்தன்று மெட்டி போடும்போது அவர் அவள் காலைப் பிடித்தார். ஐயர் சொன்னதால் பிடித்தார், போட்டோகிராபர் சொன்ன வரைக்கும் பிடித்திருந்தார். அதன் பிறகு இந்த வீட்டில் யாரும் யார் காலையும் பிடித்ததில்லை. அவள் கட்டைவிரல் அவர் உள்ளங்காலின் குழிவில் மெல்ல நின்றது. எங்கேயோ தொண்டைக்குக் கீழே எதுவோ இளகியது. எந்தெந்த இடத்தைத் தளர்த்த வேண்டும் என்று கீர்த்தனா சொன்ன வரிசை மறந்துபோனது. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

"குதிகால்ல வெடிப்பு இல்ல" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"ம்."

"உள்ளங்கால்ல காய்ப்பு இல்ல."

"ம்."

"வெறுங்காலு, தார் ரோடு, அறுநூறு கிலோமீட்டர். ஒரு கொப்புளம் இல்ல."

"எல்லாம் அவன் கிருபை."

"பஞ்சு மாதிரி இருக்கு."

வல்லரசு வெட்கப்பட்டார். பெண்களின் பாதத்தைத்தான் அப்படிப் பாடுவார்கள். ஒரு சேஃப்டி ஆபீசரின் பாதத்துக்கு அந்தப் பேறு கிடைத்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

"மாதிரி என்னா மாதிரி" என்றாள் அவள். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவிலிருந்து எதையோ நிமிண்டி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. "பஞ்சேதான். இலவம்பஞ்சு."



வல்லரசு தன் உடம்பைக் கவனித்தார். காது சுட்டது. கழுத்தில் வேர்த்தது. மூச்சு மேலே ஏறி அங்கேயே நின்றது. உடம்பு பொய் சொல்லாது என்று கீர்த்தனா சொன்னபோது அழகாகத்தான் இருந்தது. அதனால்தானோ என்னவோ தமிழில் உடம்புக்கே மெய் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அகப்பட்ட மனிதனுக்கு இரண்டு வழி. காலில் விழலாம். கால் அவள் மடியில் இருந்தது. அதனால் வல்லரசு எதிர்த்து நின்றார். அதாவது, உட்கார்ந்தபடியே எதிர்த்து நின்றார்.

"ஆமா, நடக்கல. நாலு நாள் நடந்தேன். அப்புறம் நடக்கல. பாஷா கடையில படுத்துத் தூங்கினேன். இப்போ என்னாங்கற?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மனுவைத் தள்ளுபடி பண்ணுவ. பண்ணிக்கோ. எனக்குப் பயமில்ல. ஏன் தூங்கினேன்னு மட்டும் கேளு."

"ஏன் தூங்கினீங்க?"

"எனக்குத் தூக்கம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ரேணு. அங்க ஒரு ரூம்ல எட்டு பேரு. ஒருத்தன் இருமுவான். ஒருத்தன் பொண்டாட்டியோட போன்ல குசுகுசுன்னு பேசுவான். ஒருத்தன் ஷிப்ட் முடிஞ்சு வந்து மூஞ்சிக்கு நேரா லைட்டைப் போடுவான். பதினேழு வருஷம் அதுலயே தூங்கிட்டேன். இங்க வந்து தனியா ரூம் கட்டிப் படுத்தா ஒரு சத்தம் இல்ல. கெணத்துக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. விடியற வரைக்கும் முழிச்சிட்டு, விடியறப்ப ஒரு மணி நேரம் அசந்தா, அதைத்தான் நீ கொறட்டைங்கற. யாரோட மூச்சாவது பக்கத்துல கேக்கணும் எனக்கு. கடையில ஆள் பேசற சத்தம் கேட்டுச்சு, மெஷின் ஓடுச்சு, தூங்கிட்டேன். போதுமா?"

இது எந்த அட்டவணையிலும் இல்லாதது. சொல்லி முடித்த பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ரேணுகாம்பாள் கண்ணைத் திறந்தாள். காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"எனக்கு நேர் எதிரு" என்றாள். "பூஜா பூனை மாதிரி தூங்குவா. பதினேழு வருஷம் சத்தமே இல்லாம தூங்கிப் பழகிட்டேன். ஆபீஸ் விட்டு வந்தா ராத்திரி சோறு வரைக்கும் மூணு மணி நேரம் யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க. நீங்க வந்ததும் அது போச்சு. டீ குடிச்சா, 'டீ குடிக்கறியா'ம்பீங்க. ஜன்னல்கிட்ட நின்னா, 'என்னா பாக்கற'ம்பீங்க. போதாததுக்குக் கவனிக்கப் போறேன்னு வேற வந்து நின்னீங்க. அதான் மலையைச் சுத்த அனுப்பிவெச்சேன்."

"அந்த மூணு மணி நேரம் நீ என்னா பண்ண?"

"சும்மா இருந்தேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். 'சும்மா இரு'ன்னு சாமிங்க உபதேசம் பண்ண இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அதுக்கு அர்த்தம் கேக்கறீங்க." அவள் துண்டின் ஓரத்தால் அவர் குதிகால் மண்ணைத் துடைத்தாள். "கடைசி அரை மணி நேரம் மட்டும் சும்மா இல்ல. கேட் சத்தம் வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

வல்லரசுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. எட்டு நாள் படித்த படிப்பு அப்போதுதான் முதல்முறையாகக் கைகொடுத்தது. வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா ரூமுக்கு வா, ரூமுக்கு வான்னு கேக்கறீங்க. 'நான் உள்ளறைக்கு வரட்டுமா'ன்னு ஒருதரமாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. உள்ளறையை மனதில் கொண்டுவந்தார். மூன்றரை அடிக் கட்டில். பூஜாவின் புத்தக அலமாரி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை விக்குகிற ஃபேன்.

"அங்க ஏசி இல்லையே?"

"சாமியே பாதி உடம்பைக் குடுத்துட்டுத்தான் இந்த ஊர்ல குடும்பம் நடத்தினாரு. உங்களால ஒரு ஏசியைக் குடுக்க முடியல."



"வரட்டுமா?" என்றார், மனுதாரர் குரலில்.

"வாங்க. சாயந்திரம் ஆறுலேர்ந்து ஒம்பது மட்டும் பழையபடிதான். அந்த நேரத்துக்கு மலையைச் சுத்துவீங்களோ மெத்தையில படுப்பீங்களோ, எனக்கு வேண்டியதில்ல. வீட்டுப் பக்கம் தலை தெரியக்கூடாது."

வல்லரசு மனதுக்குள் கொடியேற்றினார். நடக்கவில்லை, பொய் சொன்னார், பிடிபட்டார், எதிர்த்துப் பேசினார், கடைசியில் ஜெயித்தும்விட்டார். இரண்டு வருஷக் கோப்பு ஒரே காலையில் நகர்ந்துவிட்டது. ஊரில் ஆண்கள் இனி தன்னிடம்தான் வகுப்புக்கு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. தலையில் புது மெத்தைச் சுருளோடு அன்வர் பாஷா உள்ளே வந்தார்.

"தங்கச்சி, ஏசி ரூம் மெத்தை ரெடி. எங்க போடணும்? மேடம் பெட்டியெல்லாம் ஆட்டோவுல பின்னாடி வந்துட்டு இருக்கு."

"எந்த மேடம்?" என்றார் வல்லரசு.

"கீர்த்தனா மேடம்" என்றாள் ரேணுகாம்பாள். "மூணு மாசத்துக்கு அந்த ரூமை அவங்களுக்கு வாடகைக்கு விட்டாச்சு. வகுப்பு எடுக்கறவங்களாச்சே, நல்ல தூக்கம் வேணுமாம். போன வாரமே பேசி முடிச்சுட்டேன்."

"போன வாரமா? என் காலைப் பாத்து இப்பத்தானே கண்டுபுடிச்ச?"

பாஷா மெத்தைச் சுருளைச் சுவரில் சாய்த்தார். பிறகு வேண்டுமென்றே அதன் தையலை ஆராய்ந்தார்.

"கோச்சுக்காதப்பா. ரெண்டாம் நாளே தங்கச்சிக்கு நான் போன் பண்ணிட்டேன். நீ விட்ட கொறட்டையில, வந்த கஸ்டமர் ஒருத்தரு உள்ள எத்தினி மெஷின் ஓடுதுன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. தங்கச்சிதான் சொல்லிச்சு, 'நல்லா தூங்கறாரா? அப்போ இருக்கட்டும்ணே, எழுப்பாதீங்க'ன்னு."

வல்லரசு மனைவியைப் பார்த்தார். அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குக் காலைப் புடிச்ச?"

"கள ஆய்வு பண்ணாம ஆர்டர் போடக்கூடாது."

ஒருவன் எத்தனை பக்கமிருந்து தோற்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். வல்லரசு அந்தக் கணக்கைப் போட மறுத்தார். பணிந்து போகும் ரகமல்ல அவர். எழுந்தார். யாரும் சொல்லுவதற்கு முன்னால் தானே பக்கவாட்டு ரூமுக்குப் போய், தன் தலையணையையும் போர்வையையும் கையிடுக்கில் எடுத்துக்கொண்டார். தலை நிமிர்ந்து கூடத்தைக் கடந்தார். உள்ளறை வாசலில் நின்று, பாஷாவுக்கும் கேட்கும்படி, கத்தாரில் ஆறு நாட்டு ஆட்களை நடுங்கவைத்த குரலில் அறிவித்தார்:

"கட்டில்ல எனக்குச் சரிபாதி வேணும். அதுல மட்டும் ஒரு அங்குலம் விட்டுக் குடுக்க மாட்டேன்."

"தாராளமா எடுத்துக்கங்க" என்றாள் ரேணுகாம்பாள். "செவுத்துப் பக்கம் நான். கொறட்டை கேட்டா தள்ளி விட்டுடுவேன். விழும்போது கவனமா விழுங்க."